நட்சத்திரம் போட்ட மூன்று மின்னஞ்சல்கள்

மலேசியாவின் குளுவாங்கில் வீட்டிலிருந்தபடி இணையத்தளம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆயர் ஈத்தாமில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஓர் அக்காவின் தளத்தில் தொலைபேசி எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேன். திருத்தச் சொல்லி மூன்று வாரத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். மூன்றுக்கும் 'பிறகு பார்க்கலாம்' என்று நட்சத்திரம் போட்டு வைத்து மறந்தே போனேன். கடைசியில் போன் வந்தது.

"கஸ்டமர் கூப்ட்டா ஏதோ டயர் கடையில எடுக்குறாங்களாம், தம்பி!"

மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். அவருக்குப் பார்வை இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

"மெயில் ரொம்ப குவிஞ்சிருச்சுக்கா," என்றேன்.

"எனக்கும்தான் குவியுது லா," என்று கைப்பேசியைத் தொட்டார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அது மின்னஞ்சல்களை வாசித்தது. ஒவ்வொன்றையும் ஒரே தடவை கேட்டார். கேட்ட கையோடு பதில் சொல்லி அனுப்பினார், இல்லையென்றால் அழித்தார். நானோ ஒன்றையே ஐந்து தடவை திறந்து மூடுகிறவன். என் தேநீர் ஆறுவதற்குள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கடைசி ஒன்றை, வேகத்தைக் குறைத்து எனக்கும் கேட்க வைத்தார். என் கணக்கு தானாகவே அனுப்பும் பதில் அது: 'உங்கள் மின்னஞ்சல் எனக்கு மிக முக்கியம். விரைவில் பதில் தருகிறேன்.'

"இதுல ஒன்னும் இல்ல," என்று அழித்தார்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எண்ணைத் திருத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரமாக எனக்குக் கிடைக்காத நேரம் அவ்வளவுதான்.