பன்னிரண்டு மணிக்கு அழியவிருந்த நகல்

கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் பதிவுகளெல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. தினமும் காலையில் அவற்றின் முழு நகல் ஒன்று பக்கத்திலிருக்கும் பேக்கப் பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டி நிரம்பிவிடக் கூடாது என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் பழையதான நகல்கள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தானாகவே அழியும். எனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவைத்த ஏற்பாடு அது.

அன்று விடுமுறை எடுத்திருந்தேன். பசுவந்தனையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அம்மாவும் நானும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பொழுது போகாமல் போனைப் பார்த்தேன். பேக்கப் முடிந்தது என்று வழக்கமான தகவல் வந்திருந்தது. அதன் கீழே நகலின் அளவைப் பார்த்ததும் திக்கென்றது. ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. முந்தைய நாளும் அப்படித்தான். பதறிப்போய்ப் பழைய தகவல்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்து சர்வரின் கடவுச்சொல்லை மாற்றிய நாளிலிருந்து, பேக்கப் பழைய கடவுச்சொல்லோடு உள்ளே நுழைய முடியாமல், எல்லாமே வெற்று நகல்கள். உருப்படியாக ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதற்கும் இன்றோடு ஒரு மாதம் முடிகிறது.

மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. வெளியிலிருந்து அந்தப் பெட்டிக்குள் நுழைய வழி கிடையாது.

வரவேற்பில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, என் ரூமுக்குப் போங்க. மேசைக்குக் கீழ ரெண்டு பெட்டி இருக்கும். அதுல ஒண்ணோட பிளக்கப் பிடுங்கணும்."

"எதம்மா பிடுங்க? ரெண்டும் ஒண்ணு மாதிரில்லா இருக்கு. ஆயுதபூஜைக்கு ரெண்டுக்கும் நாந்தான் பொட்டு வச்சேன்."

"செவரு பக்கம் இருக்கது..." என்று சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது.

இருபுறமும் கரிசல் காடு. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

"ஏட்டி, கைய உள்ள எடு. என்ன வந்துச்சு ஒனக்கு?" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரில அவசர வேல, போன் கெடைக்கல. நான் இங்கன எறங்குதேன். நீ முன்னால போ."

"காட்டுக்குள்ளயா எறங்கப்போற? அங்கன எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாவ!"

அம்மா என் சேலையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உளுந்துச் செடிகளுக்கு நடுவே, வரப்பின் மேட்டில் ஏறி நின்றதும் ஒரு கோடு சிக்னல் வந்தது. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வரப்பில் இங்குமங்கும் நடந்தேன். நடக்காமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் அக்காவே அழைத்தாள்.

"எதுன்னு தெரியல. அதான் ரெண்டையும் பிடுங்கிட்டேன். இங்க டோக்கன் போட முடியாம சனங்க சத்தம் போடுதாவ. சீக்கிரம் வா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேக்கப் தப்பித்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த சர்வர் இப்படிச் சட்டென்று அணைந்தால் உள்ளிருக்கும் பதிவுகள் சிதைந்திருக்கலாம். சிதைந்திருந்தால் கையில் இருப்பது ஒரு மாதத்துக்கு முந்தைய நகல் மட்டும்.

அந்த வழியாக வந்த லோடு ஆட்டோவில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கோவில்பட்டி வந்தேன். மருத்துவமனை வாசலில் கூட்டம். அக்கா வெற்றுத்தாளைக் கிழித்து எண் எழுதி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "தப்பா எதும் செஞ்சிட்டனா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன். அப்போது எனக்கே அது நிச்சயமில்லை.

பேக்கப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு முதலில் சர்வரை எழுப்பினேன். தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு, அரைமணி நேரம் என்னைத் தவிக்கவிட்ட பிறகு அது எழுந்தது. பதிவுகள் எல்லாம் இருந்தன. ஒரு வெளி டிஸ்க்கை மாட்டி, புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துப் புதிய நகல் எடுத்தேன். அதன் பிறகுதான் பேக்கப் பெட்டியை இயக்கி, அந்த அழிப்பு ஏற்பாட்டை நிறுத்தினேன். புதிய நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை பழையது எதுவும் அழியக் கூடாது என்று அன்றே மாற்றி எழுதினேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "காது குத்தியாச்சு. பிள்ள ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. வேல முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா" என்றேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. புதிய நகலைத் திறந்து, பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.