முதல் பெட்டியில் முடிவு

கனடாவில் கதையின் முடிவை முன்கூட்டியே சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். கிடங்கில் என்னோடு சரக்கு அடுக்கும் பிரையன், நான் பார்த்த சினிமாவில் நாயகன் பிழைத்துக்கொண்டதைச் சொன்னதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினான். நல்ல சேதியைத்தானே சொன்னேன், இதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மகள் யாழினி மூன்றாம் வகுப்புக்குப் போனபோதுதான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது. வாசித்த கதையைத் திருப்பிச் சொல்வதில் அவள் தேறவில்லை, கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு வாசிக்க அனுப்பலாமா என்று ஆசிரியை மிஸ் ஹெலன் என்னை அழைத்துக் கேட்டார். மேசையில் ஐந்து பெட்டி வரைந்த தாள் இருந்தது. யார், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது. தொலைந்துபோன நாய்க்குட்டியின் கதைக்கு யாழினி முதல் பெட்டியிலேயே 'நாய்க்குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது' என்று எழுதியிருந்தாள். மீதியெல்லாம் அதற்குப் பின்னால், கொஞ்சமும் பிசகாமல். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எங்கள் பழக்கமே அதுதான். முகத்துவாரத்தில் அலை தூக்கிய நாட்களில் என் அப்பாவின் பைபர் படகு வரத் தாமதமானால், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி மொத்தக் குப்பமும் கரையில் நிற்கும். முதலில் வருகிற படகுக்காரர் கரை தொடுமுன்பே கத்துவார்: "எல்லாரும் நல்லா கீறாங்க, வந்துகினு கீறாங்க!" என்ஜின் நின்றது, வலை அறுந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆள் இருக்கிறாரா என்று தெரியாதவரை எங்கள் காதில் கதை ஏறாது. அங்கேயே இருக்கும் என் அக்கா இன்றும் போனில் அப்படித்தான் பேசுவாள். யாழினி அந்த அத்தையிடம் போனிலேயே கதை கேட்டு வளர்ந்தவள்.

இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மிஸ் ஹெலனுக்கு விளக்கினேன்.

"முடிவு தெரிந்தால் கதை கெட்டுவிடாதா?" என்றார்.

"கதை கெட்டால் கெடட்டும், கேட்பவர் நெஞ்சு கெடக்கூடாது" என்றேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்து, வீட்டில் யாருக்காவது இதயநோய் உண்டா என்று விசாரித்தார்.

என்ன செய்வது, பிள்ளையைக் கீழே இறக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஐந்து கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டமாகக் குதித்துக் கதை சொல்ல வேண்டும். சிக்கல் கட்டத்தில் யாழினி ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டே, "அடுத்து என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்" என்பாள். முடிவு தெரியாமல் இருப்பதிலும் ஒரு ருசி இருப்பதை இந்த வயதில்தான் கண்டுபிடித்தேன். குளிர்காலம் வருமுன் அவள் தேறிவிட்டாள். பள்ளியிலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

போன வாரம் பனியில் என் கார் சறுக்கிவிட்டது. எனக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. ஞாயிறன்று அக்கா கூப்பிட்டபோது யாழினி முந்திக்கொண்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா கார்ல போனாரு அத்தை. ரோடெல்லாம் ஐஸ். கார் சறுக்கிட்டே போயி கம்பத்துல மோதிடுச்சு." அத்தோடு நிறுத்தினாள்.

"அய்யோ! ஆளு கீறானா? அத மொதல்ல சொல்லுடி!"

"இருங்க அத்தை, முடிவு கடைசியிலதான் வரும்."

அக்காவுக்கு மூச்சிரைப்பது கேட்டது. அவளை மறுபடி கரையில் நிற்கவைத்துவிட்டேனே என்று எனக்குப் பதறியது. போனைப் பிடுங்கினேன்.

"அக்கா, நான் கீறேன். இங்கதான் குந்திகினு கீறேன்."

அழுதாள், திட்டினாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு, "சரி, பாப்பாவாண்ட குடு. இன்னா ஆச்சுன்னு இப்ப சொல்லச் சொல்லு" என்றாள்.

யாழினி போனை வாங்கவில்லை. "அதான் முடிவைச் சொல்லிட்டீங்களேப்பா. இனிமே என்ன கதை இருக்கு?" என்று எழுந்து போய்விட்டாள். போனில் அக்கா கதைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.