பல்லில் சிக்கிய பூநார்

திண்டிவனம் பட்டறையின் பழைய மிஷினை நினைத்தால், வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு நான் சார்த்திய கதம்பச் சரம்தான் கண்ணில் வருகிறது. தேக்குப் பலகையில் சாமி உருவம் செதுக்கும் கம்ப்யூட்டர் மிஷின் அது. பூ வைக்காமல் அதன் பட்டனைத் தொட எனக்கு மனசு வராது.

முதலாளிக்கு விழுப்புரத்திலும் ஒரு பட்டறை உண்டு. அங்கே சர்வோ மோட்டார், இங்கே ஸ்டெப்பர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நான் எட்டாவதோடு நின்றவன். டீ குடிக்கும்போது ஒருநாள் வித்தியாசம் கேட்டேன்.

"ஸ்டெப்பர நூறு தடவ தட்டுனா நூறு அடி வைக்கும்யா. நடுவுல எதுனா தடுத்து அம்பதுதான் போச்சுன்னாலும், கம்ப்யூட்டரு நூறுன்னே நெனச்சிக்கினு இருக்கும். சர்வோ எங்க நிக்கிறேன்னு சொல்லிக்கினே போவும். தடுத்தா முக்கிப் பாக்கும். முடியலன்னா அலாரம் அடிச்சி நின்னுடும்."

"அப்ப நம்மளுது குருட்டு மிஷினுங்களா?"

"அதான் உன்ன பக்கத்துல நிக்க வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

முகையூர்ப் பக்கத்து அம்மன் கோயிலுக்குக் கதவுப் பலகை ஒன்று வந்தது. ஊர் கூடி வாங்கிய ஒரே பலகை. ஞாயிறு கும்பாபிஷேகம். வெள்ளி காலையில் பூச்சரம் சார்த்தி ஓட்டினேன். அம்மன் முகம் பாதி வந்திருக்கும். கர்ரென்று ஒரு சத்தம். திரையைப் பார்த்தேன், எண்கள் ஒழுங்காக ஓடின. 'தாயே, பாத்துக்க' என்று கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அடுத்த சுற்றில் செதுக்கும் பிட்டு ஒரு விரல் அகலம் தள்ளி, அம்மனின் இடது கண்ணைக் குறுக்கே கீறிப் போனது.

முதலாளி ஓடிவந்து சிவப்புப் பட்டனை அழுத்தினார். அவர் மிஷின் விற்றவருக்கு போன் போடத் திரும்பிய நேரம், பூச்சரத்திலிருந்து நழுவிப் பல்சக்கரத்தில் பந்தாகச் சுருண்டிருந்த ஈரமான வாழைநாரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்தேன்.

"ஓட்டை மோட்டார தலையில கட்டிட்டியேப்பா! கோயில் வேலைப்பா இது!" என்று போனில் கத்தியவர், என்னைப் பார்த்து, "எதுனா சத்தம் கேட்டியா?" என்றார்.

"இல்லிங்க."

அந்த அம்மன் முகத்துக்கு எதிரில் நின்றுகொண்டு சொன்னேன். பையில் நார் ஈரமாக நெஞ்சில் ஒட்டியது. வாசலில் கோயில் நிர்வாகி வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். போனில் மிஷின் விற்ற மனுஷன் சாமி மேல் சத்தியம் செய்வது எனக்கே கேட்டது. அதற்குமேல் முடியவில்லை. நாரை எடுத்து முதலாளி கையில் வைத்தேன்.

"சத்தம் கேட்டுதுங்க. நான்தான் நிறுத்தல."

அவர் அதை விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு போனில், "மன்னிச்சிக்கப்பா, தப்பு எங்க பக்கம்" என்றார். உள்ளே வந்த நிர்வாகி கீறிய முகத்தைப் பார்த்து, "பின்னமாயிடுச்சே சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "பொறுப்பு என்னுதுங்க. பலகை கனமா இருக்குது. இந்தப் பக்கத்த எழைச்சிட்டு, மறுபக்கம் விழுப்புரத்துல செதுக்கித் தர்றேன்" என்றார் முதலாளி. என் பெயரை அவர் சொல்லவே இல்லை. ஞாயிறன்று கதவு கோயிலில் நின்றது.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இப்போது விழுப்புரத்தில் சர்வோ மிஷினில் நிற்கிறேன். அலாரம் அடித்தால் கூட இருப்பவர்கள், "பேஜாருப்பா இது" என்று சலித்துக்கொள்கிறார்கள். நான் போய்ப் பல்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறேன். ஸ்டெப்பருக்குத் தான் தவறியது தெரியாது, அதனால் அது சும்மா இருந்தது. தெரிந்தும் சும்மா இருந்தவன் நான்.