சுடலையை விடாமல் பிடிக்க அம்மா தந்த பலம்

"இறங்கிப் பாரு, சீக்கிரம்" என்று இசக்கியிடம் சொன்னது நான்தான். அதை மறைத்துவிட்டு அம்மா முத்தாரம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வாய் வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வள்ளியம்மாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நம் முத்தாரம்மன் கோவில் செவ்வாய்க்கிழமை பூஜைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சமையல்கட்டு, பாத்திரம், சுத்தம் எல்லாம் என் பொறுப்பு.

சுடலையும் அவன் தம்பி இசக்கியும் அங்கே எனக்குக் கீழே வேலை பார்த்தார்கள். வள்ளியூர்க்காரர்கள். சின்ன வயதிலேயே இங்கே வந்துவிட்டதால் பேச்சில் பாதி மலையாளம். இசக்கிக்கு இருபத்தாறு வயது. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. மறுநாள் முகூர்த்தம். எங்கள் சமையல்கட்டுக் கழிவுநீர் பின்பக்கம் தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து மோட்டார் வெளியே தள்ளும். அன்று காலை மோட்டார் நின்றுவிட்டது. அழுக்குத் தண்ணீர் திரும்பிச் சமையல்கட்டுத் தரையில் ஏறியது. அதைச் சரிசெய்யும் கம்பெனி ஆட்கள் மத்தியானம் வருவதாகச் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் காய்கறி வண்டி வந்து நிற்கிறது.

"ஒண்ணுமில்ல அக்கா, துணி கிணி வல்லதும் அடைச்சிருக்கும். நான் நோக்கிட்டு வாரேன்" என்றான் இசக்கி.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். கயிறு கட்டிக்கொள் என்று சொல்லவில்லை. மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றுப் போகட்டும் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காய்கறியை எண்ணப் போனேன்.

சுடலை போட்ட சத்தத்தில் ஓடி வந்தேன். இசக்கி ஏணியில் நாலு படி இறங்கியிருக்கிறான். ஐந்தாவது படியில் கை விட்டுப் போய் விழுந்துவிட்டான். கத்தக்கூட இல்லை. மேலிருந்து பார்த்தால் கலங்கல் தண்ணீரில் அவன் முதுகும் ஒரு கையும் தெரிந்தன. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. சுடலை ஏற்கெனவே ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

சில மாதம் முன்னால் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து மண்டபத்து ஆட்களுக்கு அரைநாள் வகுப்பு எடுத்திருந்தார். பாதி நேரம் நான் தூங்கி வழிந்தேன். ஆனால் அவர் சொன்ன ஒன்று அந்த நிமிஷம் யாரோ காதில் ஓதின மாதிரி நினைவுக்கு வந்தது. உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் காரணம் விஷக்காற்று, காப்பாற்ற இறங்குகிறவனும் அதே காற்றைத்தான் மூச்சில் இழுப்பான் என்றார். அதை நினைவுபடுத்தியது அம்மாதான் என்று நான் நம்புகிறேன். வேறு யார்?

பின்னாலிருந்து சுடலையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பின்னுக்கு இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"விடுங்க அக்கா! எந்தம்பி உள்ள கெடக்கான்! விடுங்கன்னுல்லா சொல்லுதேன்!"

"விடமாட்டேன் சுடலை. நீ எறங்கினா நீயும் வரமாட்ட."

முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு என்னைத் தெரியவே இல்லை. பாத்திரம் கழுவும் இரண்டு பேரும் ஏணிப் பக்கம் ஓடினார்கள். "ஒருத்தனும் எறங்கப்படாது! ஃபயர்ஃபோர்ஸுக்கு ஃபோன் பண்ணி விளிங்க! ஹால்ல இருக்க பெரிய ஃபேனைக் கொண்டாந்து இன்னொரு மூடியையும் திறந்து காத்தடிங்க!" என்று கத்தினேன். அவர்கள் செய்தார்கள். என் குரலா அது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

எனக்கு ஐம்பது வயது. சர்க்கரை வியாதி உண்டு. சுடலை மூட்டை தூக்குகிறவன். கை மரத்துப் போனது. கண்ணை மூடிக்கொண்டேன். "தாயே, இசக்கியை எனக்குக் கொடுத்துரு. இவனை விடாம இருக்க என் கைக்குப் பலம் கொடு." வேறு மந்திரம் எதுவும் எனக்கு வரவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கீழேயிருந்து ஒரு தரம் தொண்டையில் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அது நின்றதும் சுடலையும் கத்துவதை நிறுத்திவிட்டான். திரும்பி என் தோளில் முகத்தைப் புதைத்தான். அப்போதும் நான் விடவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி மாட்டி, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கினார். இன்னொருவர் என் பக்கத்தில் குனிந்து, "சேச்சி, இனி விட்டோளூ. ஞங்கள் நோக்கிக்கோளாம்" என்றார். தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி விடச் சொன்னாலும் விரல் விரியவில்லை. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

இசக்கியை மேலே கொண்டுவந்தார்கள். மெடிக்கல் காலேஜில் இரண்டு நாள் இருந்தான். வெள்ளிக்கிழமை போய்விட்டான்.

அதன்பிறகு நான்கு வாரம் கோவில் பக்கமே வரவில்லை. இரண்டு கேட்டேன், ஒன்றைத்தான் கொடுத்தாள். அதுவும் யாரைக் கொடுத்தாள்? என்னை முகம் கொடுத்துப் பார்க்காதவனை. இசக்கியின் காரியத்துக்குப் போனபோது சுடலை எழுந்து உள்ளே போய்விட்டான். சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது சோப்பு வாசனைக்கு அடியில் அந்த நாற்றம் வரும்.

விசாரணை வந்தது. இசக்கி தானாகவே இறங்கினான் என்று எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்று மண்டபத்தில் சொன்னார்கள். எனக்கும் அதுதான் நல்லது. அன்று சாயங்காலம், இசக்கி போனபிறகு முதல்முறையாகக் கோவிலுக்கு வந்தேன். அம்மாவிடம் கோபித்துக்கொண்டு நின்றேன். பிறகு அழுதேன். "உண்மையைச் சொல்ல நாக்குக் கொடு" என்று மட்டும் கேட்டேன். மறுநாள், "நான் சொல்லித்தான் இறங்கினான். கயிறு இல்லை, முகமூடி இல்லை" என்று கையெழுத்துப் போட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. இசக்கியின் அம்மாவுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு சேர்ந்தது.

இன்று எங்கள் மண்டபத்தில் அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை. கம்பெனி ஆட்கள் கருவியோடு வந்து, காற்றைச் சோதித்து, கயிறு கட்டித்தான் மூடி பக்கமே போகிறார்கள். அவர்கள் வேலை முடித்து வெளியே வரும்வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை. முகூர்த்தம் தவறினாலும் சரி. சமையல்கட்டு முழங்கால் ஆழம் மிதந்தாலும் சரி.

சம்பவம் நடந்தபோது சுடலையின் பெண்சாதி செல்வி நாலு மாதம். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பதினோரு மாதம் சுடலை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டான். பிறகு ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இதே சன்னிதியில் குழந்தையோடு வந்து என் முன்னால் நின்றான். செல்வி அவன் பின்னால் நின்றாள்.

"இன்னிக்குப் பிள்ளைக்குச் சோறூணு" என்றான். குழந்தையை என் பக்கம் திருப்பினான். "எனக்கு உங்கமேல கோவம் இன்னும் போகல அக்கா. போகுமான்னும் தெரியல. ஆனா மொத வாய்ச் சோறு நீங்கதான் ஊட்டணும்."

நான் கையை நீட்டினேன். செல்வி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாயசத்தில் தொட்ட விரலைக் குழந்தை சப்பியது.

அம்மாவை நம்புகிற சகோதர சகோதரிகளே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். இசக்கிக்காக இன்னும் அழுகிறேன். ஆனால் நம் பலம் முடிகிற இடத்தில் அவள் கைகொடுப்பாள். அதை நான் அறிந்திருக்கிறேன். உங்களை நம்பி வேலை செய்கிறவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க இன்றே செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். செய்துவிட்டு அவளிடம் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே வாருங்கள். தனியாக வரத் தயங்கினால் செவ்வாய்க்கிழமை நான் இங்கேதான் இருப்பேன். என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.