ஈரப் பேன்ட்டில் வந்த நோய்

குனிந்து பார்த்தேன். பேன்ட் முழங்கால் வரை ஈரம். அப்போதுதான் உறைத்தது — நோயைத் தூக்கிக்கொண்டு வந்ததே நான்தானா?

போன செவ்வாய்க்கிழமை காலை. ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டு. பயிர் நோய் ஆராய்ச்சியாளர் டாக்டர் எஸ்தரைப் பற்றி எழுதப் போயிருந்தேன். வயலுக்கு வயல் நெல் நோய் எப்படிப் பயணம் போகிறது... இருபது வருஷமாக இதே கேள்விதான் அவருக்கு. 'காற்றை மட்டும் குறை சொன்னால் போதாது, மனிதர்களின் கால்களையும் கவனியுங்கள்' என்று முதன்முதலில் சொன்னபோது, துறையில் சிரித்தார்களாம்.

நோய் கண்ட வயலில், நுனி காய்ந்த இலையை நறுக்கி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினார். வெட்டிய இடத்திலிருந்து பால்போல ஓர் இழை இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா! எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல இலையையும் இப்படிப் பார்த்தால் என்ன? யாரையும் கேட்கவில்லை. மழை ஈரம் சொட்டும் பயிரைப் பிளந்துகொண்டு, பக்கத்தில் நோயில்லாமல் நின்ற, கன்னியம்மா என்ற விவசாயியின் வயலுக்குள் ஓடினேன்.

நல்ல வயலை முதலில் பார்ப்பார், நோய் வயலைக் கடைசியில். அது டாக்டரின் சட்டம்; இலை ஈரமாக இருந்தால் நம் காலோடு நோயும் வந்துவிடுமாம். ரயிலிலேயே சொல்லியிருந்தார். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன்!

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

டாக்டரின் குரல் உயரவில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

வரப்பில் கன்னியம்மா. அந்த முக்கால் ஏக்கர்தான் அவர் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு. சொல்ல வேண்டாமே என்று டாக்டருக்கு ஜாடை காட்டினேன். அவரோ நேராகப் போய் நடந்ததைச் சொன்னார். தன் பொறுப்புதான் என்றார்.

கன்னியம்மா என் காலையே பார்த்தார். "இன்னா மேடம்... நோயப் பாக்க வந்தீங்களா, வுட்டுட்டுப் போவ வந்தீங்களா? கம்பெனிக்கு நெலம் கேட்டுகினு ஒருத்தன் சுத்திகினு கீறான். இதுவும் பூட்ச்சுன்னா குடுத்துட்டுப் போய்கினே இருப்பேன்."

ஆர்வம் என்று நாம் செல்லம் கொடுக்கிறோமே... அதன் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் வேறு யாரோதான், இல்லையா?

வெயில் ஏறி இலை காயும்வரை அங்கேயே நின்றேன். பிறகு டாக்டர் நான் ஓடிய தடத்தில் குச்சி நட்டார். பதினோரு குச்சி. யூரியா கூடாது, நோய் வயல் தண்ணீர் இங்கே பாயக் கூடாது என்றார். பயிர் தப்புமா என்று கேட்டார் கன்னியம்மா.

"தெரியலம்மா. வந்தா மொத நாளே கண்டுபிடிக்கணும். தினம் பாக்க ஆள் வேணும்."

கன்னியம்மா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பியே வரட்டும். ஈரம் காஞ்சப்புறம்."

மறுநாளிலிருந்து தினமும் போகிறேன். முதல் குச்சியிலிருந்து பதினோராவது வரை, ஒவ்வோர் இலை நுனியாக.

ஓடாமல், நடந்துதான்.