ஏற்றிவிட்டவள் இறக்கும்வரை

ஹன்ஸ்ட்ஹோல்ம் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் ரிக்கேவுக்குக் காற்றுப் பைத்தியம் என்று பெயர். தரம் பிரித்த மீன்பெட்டிகளில் கடைசிச் சீட்டை ஒட்டிய கையோடு, மீன்வாடைகூடப் போகாமல் கடலுக்கு ஓடுவாள். இடுப்பில் பட்டை, காலடியில் பலகை, தலைக்கு மேலே வேன் கூரையைவிட அகலமான பட்டம். பட்டம் இழுக்கப் பலகை வழுக்கும். அவள் அலைக்கு அலை தாவுவாள். அவளுடைய கணவன் டோர்பென் அதே கடலில் வேறு ரகம். பட்டமெல்லாம் கிடையாது, வெறும் பலகை, நல்ல அலை, அது போதும்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இருவரும் வேனில் படுக்கையைப் போட்டுக்கொண்டு யூட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரமாக வடக்கே போவார்கள். போவதைவிடத் திட்டம் போடுவதுதான் பெரும்பாடு. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கீழைக்காற்று அலைகளைச் சீவி நிமிர்த்தும். டோர்பெனுக்கு அது விருந்து. பட்டக்காரர்களையோ அதே காற்று கரைக்குத் திரும்பவிடாமல் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

இந்த மே மாதமும் சமையலறை மேசையில் வரைபடம் விரிந்தது. ஓரங்களில் காப்பிக் கோப்பையும் கறுப்பு ரொட்டித் தட்டும் அதை அழுத்திப் பிடித்திருந்தன.

"கீழைக்காத்துன்னா முதல் நாள் ஸ்டென்விக்," என்று டோர்பென் ஒரு வளைவில் விரலை வைத்தான்.

"உன் காத்து அடிச்சா எனக்குச் சங்குதான். அன்னிக்கு நான் என்ன பண்ண, வேன்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னவா?"

"பின்னேன். போன வருஷம் ஒரு கையோட நின்னுபோச்சு. போட்டுக்க ஒத்தக் கையனைத்தான் தேடணும்."

"வாய மூடு. முதல்ல அந்த இடத்தைப் போய்ப் பாத்துட்டு வருவோம். அப்புறம் முடிவு பண்ணலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிப் போனார்கள். ஸ்டென்விக்கில் வேன் நிறுத்தும் திடல் காலியாகக் கிடந்தது. போர்க்காலத்துக் கான்கிரீட் அறைகள் பாதி மணலில் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் கடல்மேல் பனிமூட்டம் சுவர்போல நின்றது. கீழைக்காற்று முதுகில் வீசியதால் அலை உடைவது கண்ணுக்குத் தெரிந்தது, காதில் விழவில்லை. டோர்பென் பாறைகளைப் பார்க்க வடக்கே நடந்தான். மணல்மேட்டுக்கு அப்பால் மறைந்தும் போனான்.

ரிக்கே திரும்பிப் பார்த்தாள். நீரோரத்தில் ஒருவர் நின்றிருந்தார். கறுப்பு நீருடை முகத்தருகே வரை மூடியிருந்தது. பட்டம் மணலில் தயாராகக் கிடக்க, கயிறுகள் அவர் இடுப்பருகே பிடித்திருந்த கைப்பிடிவரை நீண்டிருந்தன. அவர் கையை உயர்த்தி அழைத்தார்.

அந்தக் கரையில் பெயர் கேட்கிற வழக்கமில்லை. யார் அழைத்தாலும் போய்ப் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் கட்டைவிரலைக் காட்டினால் விட வேண்டும். ரிக்கே தூக்கிப் பிடித்தாள். துணி வெளுத்திருந்தது, தையல்களிலிருந்து ஈர மணல் உதிர்ந்தது. பழக்கத்தில் கடலை ஒருமுறை பார்த்தாள். நீர் கண்ணாடிபோல் இருந்தது. என்ன அழகு என்று நினைத்தாள். கட்டைவிரல் உயர்ந்தது. விட்டுவிட்டாள்.

அவர் கரைப்பக்கம் வளையவேயில்லை. பனிச்சுவரை நோக்கி நேராகப் போனார். அது யார் கண்ணுக்கு அழகு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரே வீட்டில் இருந்து இருந்து, டோர்பெனின் கண்ணாலேயே கடலைப் பார்த்திருக்கிறாள்.

அவள் கத்திய கத்தலில் டோர்பென் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"இந்தக் காத்துலயா விட்ட? நீயா?"

"தண்ணி அழகா இருந்துச்சு..."

"அது என் அழகுடி!"

மீட்புப் படகு வந்தது. பனிக்குள் போய்த் தேடித் தேடி, வெறுமனே திரும்பியது. போலீஸ்காரர் திடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவரோட வண்டி எங்கம்மா?"

"தெரியல."

"பை, துணி, செருப்பு? ஒண்ணுமே காணோமே. காணாமப் போனதா யாரும் சொல்லவும் இல்ல. நீங்க சரியாத்தான் பாத்தீங்களா?"

"என் கையால பிடிச்சு விட்டேங்க."

அவர் டோர்பெனைப் பார்த்தார். டோர்பென் மணலைப் பார்த்தான்.

எல்லோரும் போன பிறகு டோர்பென் அவள் தோளைத் தொட்டான். "வீட்டுக்குப் போலாம் வா. போலீஸே போயாச்சு."

"ஏத்திவிட்டவதான் இறக்கணும். அந்த ஆள் வராம நான் எப்படிப் போறது? நீ பட்டம் விடாதவன், உனக்குப் புரியாது."

"வரலன்னா?"

அவள் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

மதியம் காற்று மேற்கே திரும்பியது. திரும்பியதும் பனி கரையேறியது. வேன் மறைந்தது, கான்கிரீட் அறைகள் மறைந்தன. அலைச்சத்தம் மட்டும் திடீரெனக் காதருகே வந்தது. அந்த வெண்மைக்குள் ஒரு நிழல் தலைக்கு மேலே ஊர்ந்தது. வெளுத்த பட்டம். ஆளில்லாப் பட்டம் துவண்டு விழும். இதுவோ அவள் நின்ற இடத்தைத் தேடுவதுபோல் அசைந்து, பக்கவாட்டில் மெல்லத் தாழ்ந்தது.

"தொடாத!" என்றான் டோர்பென்.

அவள் ஓடிப்போய் விளிம்பைப் பிடித்தாள். மறுமுனையில் கனம் இருந்தது, ஆள் கனம். பிறகு இழுவிசை விட்டுவிட்டுத் தளர்ந்தது. பட்டத்தை இறக்கியதும் ஆள் நடந்து வரும்போது இப்படித்தான் தளரும், ஓரடிக்கு ஓரடி. கயிறுகள் மணலில் படியப் படிய, பனிக்குள்ளிருந்து கைப்பிடி வெளியே வந்தது. இடுப்புயரத்தில் வந்தது. அதைப் பிடித்த கை இல்லை.

எட்டித் தொடும் தூரத்தில் அது நின்றது.

"வந்துட்டீங்களா," என்றாள் ரிக்கே. "அந்தக் காத்துல விட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

கைப்பிடி மணலில் விழுந்தது.

டோர்பென் நீர்வரை போய்ப் பார்த்துத் திரும்பினான். அங்கே அவனுடைய காலடிகள் மட்டுமே இருந்தன. ரிக்கே பட்டத்தை மடித்து, காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி கல்லைத் தூக்கி வைத்தாள். பிறகு வேனை நோக்கி நடந்தாள்.

"இப்பப் போலாம்," என்றாள்.