பச்சையாகிப்போன கறுப்பு ரோஜா

பெங்களூரில் ஏப்ரல் மாதத்தில் செடிகளை வெயிலுக்கு எடுத்து வைக்கிறார்கள். பதினொரு வருடம் ஆகியும் என் கண் இதை ஏற்கவில்லை. லிங்கராஜபுரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில், வீட்டுக்கார அம்மா சாரதம்மா தொட்டிகளை ஒவ்வொன்றாக நிழலிலிருந்து வெளியே இழுப்பார். என் ஊர் அருப்புக்கோட்டையில் அதே மாதத்தில் நாங்கள் எதிர்த்திசையில் இழுப்போம். அப்பா காலையிலேயே சாக்கை நனைத்து ரோஜாத் தொட்டிகளின் மேல் கட்டிவிடுவார். ஒருநாள் மறந்தால் மாலையில் இலைகள் அப்பளம்போல் நொறுங்கும். செடியை வெயிலிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

சாரதம்மாவின் செடிகளில் ஒன்றை அவர் கப்பு ரோஜா என்பார். கன்னடத்தில் கறுப்பு ரோஜா. உண்மையில் ரோஜாவுக்கும் அதற்கும் உறவில்லை. தடித்த, சதைப்பற்றுள்ள இலைகள் ரோஜா இதழ்களைப்போல வட்டமாக அடுக்கடுக்காய் விரிந்திருக்கும். நிறம் பழுத்த நாவல்பழத்தினுடையது. அவர் கணவர் இறப்பதற்கு முன் கடைசியாக வாங்கிவந்த செடி அது. சென்ற கோடையில் மகளின் பிரசவத்துக்காக மைசூருக்குக் கிளம்பியபோது அதை என்னிடம் ஒப்படைத்தார். "பிசிலல்லே இரலி. நீரு கம்மி," என்றார். வெயிலிலேயே இருக்கட்டும், தண்ணீர் குறைவாக. எனக்குத் தெளிவாகவே புரிந்தது. ஆனால் அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் தொட்டியைத் தூக்கிவந்து என் வீட்டு வாசலில், வெளிச்சம் அதிகம் எட்டாத மூன்றாம் மாடிப் படிக்கட்டு முகப்பில் வைத்தேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"இன்னா மேடம், செடிக்கு ஜுரமா? உள்ள கொண்டாந்து படுக்க வச்சிட்டீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. எங்கள் கட்டடத்தின் படிகளைப் பெருக்கித் துடைப்பவள். அவள் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழ்நாட்டில் அவள் பார்த்தது வேளாங்கண்ணி மட்டும். அவள் தமிழைக் கேட்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருப்பேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "ஒரே ஒரு எலை குடுங்க மேடம். மண்ணுமேல வச்சா புதுச்செடி வரும்," என்றாள். என் செடி இல்லையென்று மறுத்துவிட்டேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக நான் ஊருக்குப் போனபோது தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அவளிடமே விட்டுச்சென்றேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பிவந்தபோது தொட்டியில் வேறொரு செடி இருந்தது. நடுவில் வெளிர்பச்சை இலைகள், கழுத்து நீண்டு, அடுக்குக் கலைந்து. அடியில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் மங்கிய சிவப்பு. சாரதம்மா கிளம்பிய அன்று நான் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது. மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். ஆதாரமில்லாமல் பேசுவதில்லை என்று பெருமை உண்டு. படிக்கட்டில் ஸ்டெல்லாவை நிறுத்தினேன்.

"படத்துல இருக்கறது எது, இங்க இருக்கறது எது? சொல்லுங்க."

"அதே செடிதான் மேடம். நான் இன்னாத்துக்கு மாத்தப்போறேன்?"

"அன்னிக்கு இலை கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். கேட்டா திருடியா?"

என் குரல் உயர்ந்தது. இரண்டாம் மாடியில் கதவுகள் திறந்தன. அடுத்த வாரம் முதல் ஸ்டெல்லா வரவேண்டாம் என்று குடியிருப்பவர்கள் முடிவு செய்தார்கள். நிறுத்தச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சாரதம்மா திரும்பிவந்து தொட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தண்டின் அடியில், சென்ற வருடம் தான் கிள்ளிய இடத்தின் தழும்பைத் தொட்டார். "நெரளல்லி இட்டித்ரா?" என்று சிரித்தார். நிழலில் வைத்திருந்தீர்களா? வெயில் போதாவிட்டால் அந்தச் செடி பச்சையாகிவிடும். கறுப்பே வெயில் கொடுப்பதுதான். அவர் அதை மாடிக்குக் கொண்டுபோனார். சில வாரங்களில் இலை நுனிகள் கறுக்கத் தொடங்கின. நான் தினமும் ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

நாளிதழில் முதல் பக்கத்தில் தவறு வந்தால் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வருத்தம் போடுவோம். அந்த வரிகளை எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். யார் செய்தது என்பதே அதில் இருக்காது. கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைத்தான் செய்தேன்: செடி தொடர்பாக ஒரு தவறான புரிதல் ஏற்பட்டது, வருந்துகிறோம். ஸ்டெல்லாவின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அந்தக் குழுவில் ஸ்டெல்லா கிடையாது.

பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை துணிகளை உதறினாள்.

"எங்க பெங்களூர் வெயில் அந்தச் செடிய இன்னா பண்ணிடும் மேடம்? ஸ்வல்ப நம்பியிருக்கலாம். வெயிலயும், என்னயும்."

"தப்புதான் ஸ்டெல்லா."

"படிக்கட்டுல நின்னு கத்துனீங்க. இங்க வந்து காதுல ஓதுறீங்க. இது இன்னா நியாயம்?"

ஞாயிற்றுக்கிழமை, நான் அழைத்திருந்தபடி, பூசை முடிந்து மாதா கோயிலுக்குக் கட்டிய சேலையோடு எங்கள் கட்டடத்துக்கு வந்தாள். இரண்டாம் மாடி முகப்பில் நின்று எல்லா வீட்டு அழைப்புமணிகளையும் நானே அடித்தேன். கதவுகள் திறந்ததும், ஸ்டெல்லா எதையும் எடுக்கவில்லை, செடியைக் கெடுத்தது நான், பொய்ப்பழி போட்டதும் நான் என்று கன்னடத்தில் சொன்னேன். பாதியில் குரல் இறங்கியது. "ஜோரா சொல்லுங்க மேடம், கீழ்வீட்டுக்கும் கேக்கணும்," என்றாள் ஸ்டெல்லா. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வேலைக்குத் திரும்பி வரச்சொல்லி ஒருவர் அழைத்தார். "பேடா சார், வேணாம். பேரு திரும்பி வந்துச்சு, அது போதும்," என்று இறங்கிப்போனாள்.

இப்போது அவளைக் காய்கறிக்கடையில் பார்க்கிறேன். கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம், பக்கத்து முட்டைக்கடை பாயிடம் உருதுவில் கிண்டல், பூக்காரியிடம் தமிழில் வம்பு. அம்மாவைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போனபோது பக்கத்து வீட்டார், பெங்களூர்க்காரிக்கு நம்ம தண்ணீர் சேராது என்று எனக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கிவைத்திருந்தார்கள். இங்கே ஸ்டெல்லா என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டு, விருந்தாளிக்கு விடுவதுபோல் ஒதுங்கி வழிவிடுகிறாள். பதினொரு வருடமாக நடக்கும் தெருவில், விலாசம் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பவளைப்போல் நிற்கிறேன்.